அழித்த படங்கள்

நான் எடுத்த பறவைப் படங்களைப் பார்க்க யாராவது கேட்டால் முதலில் காட்டுவது அந்த ஒன்றைத்தான். பாசி படர்ந்த கிளை. அதன்மேல் சிட்டுக்குருவியைவிடச் சிறிய ஒரு பறவை. முகம் பொன்மஞ்சள், முதுகில் மஞ்சள் திட்டு, இறக்கை பளபளக்கும் பச்சை, வயிறு நீலம், கழுத்தோரம் ஒரு கறுப்புத் திட்டு, அதை ஒட்டிச் செங்காவி விளிம்பு. "நெசமாவே இப்படி இருக்குமா மேடம்? எடிட் பண்ணினதா?" என்று மாணவிகள் கேட்பார்கள். நிஜம்தான். ஸ்பானிய மொழியில் 'தங்காரா முல்ட்டிகொலோர்' என்கிறார்கள். பலவண்ணத் தங்காரா. கொலம்பியாவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 'தங்காரா' என்பது துப்பி என்ற தென் அமெரிக்கப் பழங்குடி மொழியிலிருந்து வந்த சொல். பாடும் பறவைகளின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பெரிய பாடகர் என்று சொல்ல முடியாது. மெல்லிய, ஊசி போன்ற கீச்சொலிதான் எனக்குக் கேட்டது.

நான் சொல்ல வந்தது, அதே காலையில் அதே இடத்தில் எடுத்து, அன்று மதியமே என் கையாலேயே அழித்த பதினொரு படங்களைப் பற்றி.

பறவை பார்க்கும் பழக்கம் எனக்கு 2020 ஊரடங்கில் வந்தது. பாளையங்கோட்டை வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனவள், செம்போத்து ஒன்று முருங்கை மரத்தில் ஏறுவதைப் பார்த்தபடி அரைமணி நேரம் நின்றுவிட்டேன். சங்க இலக்கியத்தில் பறவைகள் என்று ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கியவள் நான். அன்றிலையும் மகன்றிலையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன். வீட்டு முருங்கையில் யார் வந்து போகிறார்கள் என்று அதுவரை தெரியாது. பிறகு அரியர் பணம் வந்தபோது நிக்கான் பி950 வாங்கினேன். லென்ஸ் மாற்ற வேண்டாம், ஒரு கைப்பையில் அடங்கிவிடும், தூரத்துப் பறவையை அருகே இழுத்துவிடும். கூந்தன்குளத்துக்கு அதிகாலையில் தனியாகப் போக முடியாது என்பதால் தம்பி மகனைத் துணைக்குக் கூட்டிப்போவேன். அவன் வண்டியிலேயே தூங்கிவிடுவான். குளக்கரையில் கேமராவோடு நிற்கும் பெண்ணைப் பார்த்து ஊரார் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன சர்வே?" சும்மா பறவை பார்க்கிறேன் என்றால் நம்ப மாட்டார்கள். யாருக்காகவும் இல்லாமல், எதற்காகவும் இல்லாமல் ஒரு பெண் ஓரிடத்தில் ஒருமணி நேரம் நிற்பது நம் ஊரில் விளக்கம் தேவைப்படும் காரியம். சில நாட்கள் நானே "ஆமா, சர்வேதான்" என்று சொல்லிவிடுவேன்.

கொலம்பியாவுக்குப் போனது கவிதையால். மெதெயின் நகரில் 1991 முதல் உலகக் கவிதை விழா நடக்கிறது. குண்டுகளும் கொலைகளும் நகரத்தைத் தின்றுகொண்டிருந்த காலத்தில் கவிஞர்கள் சிலர் தொடங்கிய விழா அது. அங்கே வாசிக்க அழைப்பு வந்தது. கல்லூரி அலுவலகத்தில் தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பம் கொடுத்தபோது, "சார் கூட வரலையா?" என்றார் எழுத்தர். "வரலை." "தனியாவா?" கொலம்பியா என்றதும் எல்லாருக்கும் ஓடிடியில் பார்த்த பாப்லோ எஸ்கோபார்தான் நினைவுக்கு வந்தார். யாரும் பறவையை நினைக்கவில்லை. இந்தியா முழுவதிலும் சேர்த்து 1,300 சொச்சம் பறவை இனங்கள் என்றால், இதில் மூன்றில் ஒரு பங்கு பரப்பே உள்ள அந்த நாட்டில் 1,900க்கு மேல். விழா முடிந்ததும் நான்கு நாள் விடுப்பைச் சேர்த்துக்கொண்டு காலி நகரத்துக்கு விமானம் ஏறினேன். காலி என்பது ஊரின் பெயர். அம்மன் பெயராகவே என் காதில் விழுந்தது, அதனால் கொஞ்சம் தைரியமும் வந்தது.

காலியிலிருந்து மேற்கே, பசிபிக் கடலோரத்து புவெனவெந்துரா துறைமுகத்துக்குப் போகும் சாலை மலையேறுகிறது. 18ஆம் கிலோமீட்டர் என்றே பெயர்பெற்ற இடத்துக்கு வரும்போது உயரம் 1,900 மீட்டர் தொட்டுவிடும், வெயில் போய் மேகம் சாலையில் நடக்கும். அந்தப் பக்கத்துத் தோட்டவீடு ஒன்றில் தங்கினேன். விடிகாலையில் தட்டில் வாழைப்பழத்தை வெட்டி மரக்கிளையில் வைப்பார்கள். பறவைகள் பழத்துக்கு வரும், மனிதர்கள் பறவைக்கு வருவார்கள். வீட்டுக்கார அம்மாள் குடிக்கக் கொடுத்தது வெல்லம் கரைத்த சுடுநீர், எலுமிச்சை பிழிந்தது. பனேலா என்கிறார்கள் வெல்லத்தை. சுக்கும் ஏலமும் இல்லாத பானகம்தான் அது. இரண்டு குவளை குடித்தேன்.

என்னோடு அங்கே பொகோட்டாவிலிருந்து வந்த இரண்டு ஆண்கள், ஓய்வுபெற்ற ஐரோப்பியத் தம்பதி ஒன்று, இவர்களை அழைத்துவந்த வழிகாட்டி இளைஞன். ஆண்களிடம் இருந்த லென்ஸ்கள் கைக்குழந்தை நீளம். என் கேமராவைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். நல்ல மனிதர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு நிற்க நல்ல இடமும் விட்டுக்கொடுத்தார்கள்.

ஏழு மணி இருக்கும். பழத்தட்டுக்குப் பின்னால் இருந்த மரத்தில் இலைகளின் அடியில் ஏதோ பச்சையாக அசைந்தது. வழிகாட்டி பைனாகுலரை இறக்காமலே, "எம்ப்ரா" என்றான், குரலை உயர்த்தாமல். யாரும் கேமராவைத் தூக்கவில்லை. எனக்கு ஸ்பானியம் தெரியாது. பறவை ஒன்றைக் காட்டுகிறான் என்று எண்ணி எடுத்துத் தள்ளினேன். பதினொரு படம். பறவை தலைகீழாகத் தொங்கி இலையின் அடிப்புறத்தைத் தேடிக்கொண்டிருந்தது. பூச்சி பிடிக்கும்போல. கொஞ்ச நேரத்தில் வழிகாட்டியின் குரல் துள்ளியது: "மாச்சோ! மாச்சோ!" அந்தச் சொல் மட்டும் தெரியும். பெண்ணியக் கட்டுரைகளில் எத்தனை முறை எழுதியிருக்கிறோம். எல்லா லென்ஸும் ஒருசேர எழுந்தன. என்னுடையதும்தான். பழத்தட்டுக்கு மேல் அந்தப் பொன்முகம் வந்து உட்கார்ந்தது. கைநடுக்கம் நிற்கவே ஒரு நிமிடம் ஆயிற்று. பறவை அங்கே இருந்தது நான்கு நிமிடம். 203 படம் எடுத்தேன்.

மதியம் வராந்தாவில் உட்கார்ந்து கார்டில் இடம் பண்ணினேன். 32 ஜிபி கார்டு, அதில் பாதியைக் கவிதை விழா வீடியோக்கள் அடைத்திருந்தன. மங்கல், அசைவு, இலை மறைத்தது என்று ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தேன். அந்தப் பதினொன்றும் வந்தன. ஏதோ ஒரு பச்சைப் பறவை. தெளிவில்லை. முகம் தெரியவில்லை. அழி, அழி, அழி. பதினொன்றுக்கும் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

இரவு கட்டிலில் கையேட்டை விரித்து, கண்ட பறவைகளைக் குறித்துவைக்கப் போனபோதுதான் பார்த்தேன். பலவண்ணத் தங்காராவின் ஆண் முழு உருவமாக வரையப்பட்டிருக்கிறது. அதன் பக்கத்தில் பெண். முதுகில் மஞ்சள் இல்லை, பச்சைதான். வயிற்றில் கறுப்பு இல்லை. நிறமெல்லாம் ஒரு படி குறைவு. போன் எடுத்து 'எம்ப்ரா' என்று தட்டினேன். பெண், விலங்கு பறவைகளில். மாச்சோ என்றால் வெறுமனே ஆண். அவ்வளவுதான். திமிரும் இல்லை, மீசையும் இல்லை, அந்த மொழியில் அது அன்றாடச் சொல். நாம்தான் அதை வேறு மாதிரிக் கடன் வாங்கியிருக்கிறோம்.

முதலில் வந்தது சிரிப்பு. இருபது ஆண்டுகளாக வகுப்பில் பெண் விலக்கப்படுவதைப் பற்றிப் பேசுகிறவள், உலகத்தின் மறுகோடிக்குப் போய்ப் பதினொரு முறை விரலால் அழுத்திப் பெண்ணை விலக்கியிருக்கிறேன். அதன்பிறகு தூக்கம் வரவில்லை.

வகுப்பில் நான் சொல்லும் ஒரு செய்தி அன்று இரவு வேறு விதமாக நினைவுக்கு வந்தது. தொல்காப்பிய மரபியலில் ஆண்பாற் பெயர்கள், பெண்பாற் பெயர்கள் வரிசையாக வரும். பேடை, பெடை, பெட்டை எல்லாம் அங்கே கௌரவமாக உட்கார்ந்திருக்கும் சொற்கள். கடைசிச் சொல்லை நாம் இன்று எந்த இடத்தில் வைத்திருக்கிறோம் என்பது தெரியும். சிறகுள்ள எல்லாவற்றின் ஆணையும் சேவல் எனலாம், மயிலுக்கு மட்டும் ஆகாது என்று அங்கே ஒரு விதி. ஏன் என்பதற்கு உரைகாரர் பேராசிரியர் காரணம் சொல்கிறார்: ஆண்மயில் தோகையோடு பெண்ணின் சாயலாக இருக்கிறதாம், ஆகவே சேவல் என்ற ஆண்மைப் பெயர் அதற்குப் பொருந்தாதாம். மாணவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்துக் கடந்துவிடுவேன். அழகாக இருந்தால் அது பெண் என்று இலக்கணம் எழுதிய மரபில், பெண்ணை மயில் என்று பாடினோம், கூந்தலைத் தோகை என்றோம், பெண்ணையே தோகை என்றோம். தோகை ஆணுக்குத்தான் என்பது காட்டோரத்தில் இருக்கும் எந்தச் சிறுமிக்கும் தெரியும். தோகை இல்லாத, முட்டை இடுகிற, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கொல்லையில் இரை தேடுகிற உண்மையான பெண்மயில் அந்த உவமைகளில் எங்கே இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. என் ஆய்வேடு 340 பக்கம். அதில் இந்தக் கேள்வி இல்லை.

தமிழ் மரபின் குறை மட்டும் என்று எண்ண வேண்டாம். அறிவியலும் இதே கண்ணாடியைப் போட்டிருந்தது. உலகின் ஐந்து பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கும் பதப்படுத்திய உடல்களை 2019இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பறவைகளில் பெண் 40 விழுக்காடு. ஓர் இனத்துக்கு அறிவியல் பெயர் சூட்டும்போது ஆதாரமாக வைக்கும் மாதிரி உடல்களை மட்டும் எடுத்தால் பெண் 27 விழுக்காடு. சேகரிக்கப் போனவர்களும் பளிச்சென்று கண்ணில் பட்டதை நோக்கியே துப்பாக்கியைத் திருப்பியிருக்கிறார்கள், நான் கேமராவைத் திருப்பியதுபோல.

பாட்டின் கதையும் அப்படியே. ஆண் பாடும், பெண் கேட்டுத் தேர்ந்தெடுக்கும் என்பதுதான் டார்வின் காலத்திலிருந்து பாடம். அதை எழுதியவர்கள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்தார்கள். அந்தக் குளிர்நாடுகளில் ஆண்கள்தான் அதிகம் பாடுகின்றன. வெப்பநாட்டுக் காடுகளில் பெண்பறவைகள் தாராளமாகப் பாடுகின்றன. 2014இல் காரன் ஓடம் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 323 பாடும் பறவை இனங்களின் தகவலைத் திரட்டிப் பார்த்தபோது, அவற்றில் 71 விழுக்காட்டில் பெண் பாடுகிறது. பாடும் பறவைகளின் ஆதி மூதாதையரிலும் பெண் பாடியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் முடிவு. அதாவது பெண் எப்படிப் பாடக் கற்றது என்பதைவிட, சில இடங்களில் ஏன் பாட்டை விட்டது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நான் கவிஞர் என்பதால் இந்த வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தேன்.

மறுநாள் மற்றவர்கள் கடற்கரைப் பக்கம் வேறு பறவை தேடிப் போனார்கள். வண்டியில் இடம் இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டார்கள். நான் இருந்துவிட்டேன். ஆள் நடமாட்டம் இல்லாத தோட்டம், மேகம் இறங்கிய காடு, மொழி தெரியாத ஒருத்தி. பயம் இல்லாமல் இல்லை. பறவை பார்க்கும் பெண்கள் எல்லாரும் அறிந்த பெயர் ஃபீபி ஸ்னெட்ஸிங்கர். நான்கு பிள்ளைகளின் தாயான அமெரிக்கர். 1981இல் புற்றுநோய் என்றார்கள், ஓராண்டுதான் என்றார்கள். வீட்டில் படுக்காமல் கிளம்பிவிட்டார். 1986இல் பப்புவா நியூகினியில் ஆண்கள் கூட்டம் ஒன்று அவரை வன்புணர்ந்தது. அதன்பிறகும் போனார். 8,000க்கும் மேற்பட்ட இனங்களைக் கண்டு, அதுவரை யாரும் எட்டாத எண்ணிக்கையை எட்டினார். 1999இல் மடகாஸ்கரில், பறவை தேடிப் போன வழியில், வண்டி கவிழ்ந்து இறந்தார். மகளின் திருமணத்துக்கும் தாயின் அடக்கத்துக்கும் அவர் போகவில்லை. அதைச் சொல்லி அவரைக் குறை பேசுகிறவர்கள் உண்டு. மலையேறப் போய்ப் பிள்ளையின் கல்யாணத்தைத் தவறவிட்ட ஆண்களின் வாழ்க்கை வரலாறுகளில் அதை அடிக்குறிப்பாகக்கூடப் போடமாட்டார்கள்.

வீட்டுக்கார அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு வந்தார். போனில் பேசி மொழிபெயர்த்துக் காட்டினார்: ஆண் பறவை பழத்துக்கு வந்து போய்விட்டது, இனி மதியத்துக்கு மேல்தான். நான், "எம்ப்ரா" என்றேன். "எம்ப்ரா?" என்றார். தலையாட்டினேன். சத்தமாகச் சிரித்தார். உள்ளே போய் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து, பழத்தட்டுக்கு எதிரே இல்லாமல், பின்னால் இருந்த மரத்தைப் பார்க்கும்படி போட்டார். பிறகு தனக்கும் ஒன்று கொண்டுவந்து உட்கார்ந்து பயறு உரிக்கத் தொடங்கினார்.

இரண்டரை மணி நேரம். மேகம் வந்தது, மரம் போய்விட்டது, மேகம் போனது, மரம் வந்தது. பயறு உரிக்கும் சத்தம் மட்டும். அந்தச் சத்தத்தில் அம்மா வந்துவிட்டாள்.

அம்மா 2017இல் போனாள். உயிர் போய் ஒருமணி நேரம் ஆகவில்லை, சித்தப்பா வந்து, "அம்மா போட்டோ நல்லதா ஒண்ணு குடுங்க, போஸ்டருக்கு" என்றார். அழுகையை நிறுத்திவிட்டு நானும் தங்கையும் பீரோவைத் திறந்தோம். ஏழு ஆல்பம். அப்பாவுக்குத் தனியாக எடுத்த படங்கள் நான்கு இருந்தன. பணி ஓய்வு நாளில் மாலையோடு ஒன்று. அம்மா எல்லா ஆல்பத்திலும் இருந்தாள், ஓரத்தில். பாதித் தோள், பந்தியில் குனிந்த முதுகு, தங்கையின் தலையில் பூவைச் சரிசெய்யும் இரண்டு கைகள். எங்களை எல்லாம் நிறுத்தி, சட்டையை இழுத்துவிட்டு, "ம், இப்ப எடுங்க" என்று விலகிக்கொள்கிறவள் அவள். கூப்பிட்டால், "என்னைய எதுக்குட்டி, நீங்க நில்லுங்க" என்பாள். கடைசியில் என் கல்யாணப் படத்திலிருந்து அவளை வெட்டி எடுத்தார் ஸ்டுடியோக்காரர். அவள் தோளில் என் மாமியாரின் விரல்கள் இருந்தன. எவ்வளவு முயன்றும் அவை முழுதாகப் போகவில்லை. மேலே ஒரு ரோஜா மாலையை ஒட்டி மறைத்துக் கொடுத்தார். இன்றும் வீட்டுச் சுவரில் இருப்பது அந்தப் படம்தான். மாலைக்கு அடியில் விரல்கள் இருப்பது எனக்கும் தங்கைக்கும் மட்டும் தெரியும்.

வீட்டுக்கார அம்மாள் என் முழங்கையைத் தொட்டார். விரலை நீட்டவில்லை, மோவாயால் காட்டினார். நம் ஊர்ப் பெண்கள் காட்டுவதுபோலவே.

கலவையாய் ஒரு பறவைக் கூட்டம் மரத்தைக் கடந்துகொண்டிருந்தது. அதன் நடுவே அது. தலைகீழாக, ஒரு இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு அடுத்த இலைக்கு. முகத்தில் மஞ்சள் இருந்தது, முதுகில் பச்சை ஒளிர்ந்தது, அடியில் நீலம். மங்கல் என்று கையேடு சொல்வதெல்லாம் ஆணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான். தனியாக வந்திருந்தால் அன்றைக்கு நான் பார்த்ததிலேயே அழகான பறவை அதுதான் என்று எழுதிவைத்திருப்பேன். ஒரு இடத்தில் நிற்கவே இல்லை. படத்துக்கு நிற்க அதற்கு நேரம் இல்லை. ஏழு முறை அழுத்தினேன். ஆறில் இலை மட்டும். ஏழாவதில் இலைக்குக் கீழே பாதி முகமும் ஒரு கண்ணும்.

அந்த ஏழையும் அழிக்கவில்லை. அழித்த பதினொன்றை மென்பொருள் வைத்து மீட்கலாம் என்று திரும்பி வந்தபின் கணினித் துறைத் தோழி சொன்னாள். முயன்றும் பார்த்தாள். அதே கார்டில் அதற்குமேல் நான் நூற்றுக்கணக்கில் எடுத்துவிட்டிருந்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்று இரவே அந்த ஏழாவது படத்தைத் தங்கைக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஊரில் அப்போது காலை. உடனே பார்த்துவிட்டாள்.

"எக்கா, வெறும் எலையா இருக்கு. பறவை எங்க?"

படத்தில் சிவப்பு வட்டம் போட்டுத் திரும்ப அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அடுப்பில் ஏதாவது வைத்திருப்பாள். பிறகு வந்தது.

"ஆமா. கண்ணு தெரியுது."